பழைய மரத்து வெள்ளைப் படை: கைப்பேசியா, லென்ஸா, நுண்ணோக்கியா?

ஆனைமலை அடிவாரத்தில் இரண்டு தலைமுறை கண்ட மாமரம் ஒன்றின் அடிமரத்தைச் சுற்றி வந்தால், பட்டையைவிட அதன்மேல் படர்ந்திருக்கும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரான லைக்கன்தான் கண்ணை நிறைக்கும். பால்வெள்ளை, சாம்பல், வெளிர்பச்சை, இடுக்குகளில் மஞ்சள் பொடி. இவற்றில் பெரும்பங்கு பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் வகை. கறிக்குழம்புக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். ஆனால் அது இலைபோல விரிந்து ஓரம் தூக்கி நிற்கும்; பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டு வகை அப்படி வராது. அதற்குக் கீழ்த்தோல் கிடையாது. பூஞ்சையிழைகள் நேராகப் பட்டையின் செத்துப்போன மேலடுக்குக்குள் இறங்கியிருக்கும். நகம் கொடுத்துப் பெயர்த்தால் பட்டையும் சேர்ந்துதான் வரும்.

இதற்குப் பெயர் கண்டுபிடிக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. கைப்பேசிச் செயலி, கை லென்ஸ், ரசாயனச் சொட்டுச் சோதனை, யூவி (புற ஊதா) டார்ச், நுண்ணோக்கி, நிபுணருக்கு அனுப்புவது, டி.என்.ஏ. கொங்குப் பகுதியில் இயற்கை ஆர்வலர் குழுக்களும் பள்ளி ஆசிரியர்களும் தோப்புக்காரர்களும் இதில் இறங்கும்போது, காசையும் நேரத்தையும் முதலில் எதில் போடுவது என்று குழம்புகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் லென்ஸ், அடுத்து நேராக நுண்ணோக்கி. ரசாயனம் நுண்ணோக்கிக்குத் துணையாக வரட்டும். செயலியை ஒட்டு லைக்கனுக்கு நம்ப வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதற்கு முன், பெயர் எதற்காக வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் கேட்பது இதுதான்: "ஏனுங்க, மரத்துல வெள்ளை வெள்ளையாப் படை புடிச்சிருக்குதுங்களே, இது நோவுங்களா? மருந்து அடிக்கோணுங்களா?" அவருக்கு இனப்பெயர் தேவையில்லை. லைக்கனின் உள்ளே இருக்கும் பாசி வெயிலை வாங்கித் தானே உணவு தயாரித்துக்கொள்ளும்; மரத்தின் சாற்றை அது தொடுவதில்லை. சுரண்ட வேண்டாம், மருந்தும் வேண்டாம். அவர் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. தென்னையின் தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது சாறுவடிதல் நோயாகவோ அடித்தண்டழுகலாகவோ இருக்கலாம். உடனே வேளாண்மை அலுவலரைப் பார்க்க வேண்டும். 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயின் பின்னால் வரும் கரும்பூசணம், ஓலையில் கரிபோலப் படியும். ஈரத்துணியால் தேய்த்தால் அது வந்துவிடும், லைக்கன் வராது. இந்தக் கேள்விக்குக் கண்ணும் விரலும் போதும்.

மரத்தில் இருக்கும் உயிர்களைப் பட்டியலிட நினைப்பவருக்கோ, இத்தனை வகை லைக்கன் நம் ஊரில் இருக்கிறது என்று பதிவுசெய்ய விரும்புபவருக்கோ அது போதாது. வழிகளை ஒப்பிட வேண்டியது அங்கேதான்.

கைப்பேசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அருமையாக உதவுகின்றன. ஒட்டு லைக்கனில் நிலைமை வேறு. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளம் பெரும்பாலும் ஸ்போர் என்ற நுண்வித்துகளை உருவாக்கும் கனியுடலின் உள்ளே, அந்த ஸ்போரின் நிறத்திலும் அறைகளின் அமைப்பிலும் இருக்கிறது. மேற்புறப் படத்தில் அது விழவே விழாது. செயலி கற்றுக்கொண்ட படங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை என்பதும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கீறல்களைக் கண்டால் கிராபிஸ் ஸ்கிரிப்டா என்ற பெயரை நீட்டும். அது குளிர் நாட்டு இனம். பொள்ளாச்சி மாமரத்தில் அதே மாதிரி கீறல்களோடு இருப்பது அதே பேரினத்தின் வேறு இனமாக இருக்கலாம், வேறு பேரினமாகவே இருக்கலாம். படத்தைப் பதிவேற்றி இடமும் தேதியும் சேமித்து வைப்பதற்குச் செயலி நல்ல ஏடு. பெயருக்கு அதைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

கை லென்ஸ் சில நூறு ரூபாய். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தை மரத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். லென்ஸைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதில் பார்க்கும் முதல் ஐந்து நிமிடம் ஒரு மரத்தின் மீதான மதிப்பையே மாற்றிவிடும் என்று நான் நம்புகிறேன். வெறும் கறை என்று நினைத்த இடத்தில் எல்லைக்கோடுகள் தெரியும். இரண்டு லைக்கன்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டை வைத்தே ஒரு கையளவு இடத்தில் எத்தனை தனித்தனி உடலங்கள் என்று எண்ணலாம்.

அடுத்துக் கனியுடல்களைத் தேட வேண்டும். சின்ன வட்டத் தட்டுகளாக இருக்கிறதா? இருந்தால் தட்டின் விளிம்பு உடலத்தின் நிறத்திலேயே இருக்கிறதா, தட்டைப்போலக் கறுத்திருக்கிறதா? உடலத்தின் நிறத்தில் விளிம்பு இருந்தால் லெக்கனோரா பக்கம் போகலாம். விளிம்பும் கறுப்பு என்றால் பியூலியா போன்றவற்றை நினைக்கலாம். தட்டே இல்லாமல் நீண்டு வளைந்த கறுப்புக் கோடுகளாக இருந்தால் கிராபிஸ் குடும்பம். கறுப்புப் புள்ளியாகப் புடைத்து உச்சியில் துளை இருந்தால் பைரெனுலா, டிரைபெதீலியம் வகையறா. புடைப்புகள் தனித்தனியே நின்றால் பெரும்பாலும் முதலாவது. பல துளைகள் ஒரே மேட்டுக்குள் கூடியிருந்தால் இரண்டாவதை யோசிக்கலாம். நம் சமவெளியிலும் அடிவாரத்திலும் பழைய பட்டைகளில் இந்த இரண்டு குழுக்களும் கிராபிஸ் குடும்பமும்தான் அதிகம்.

லென்ஸோடு ஒரு ஊசியும் வேண்டும். உடலத்தை லேசாகக் கீறினால் உள்ளே பாசி அடுக்கு தெரியும். பளிச்சென்ற பச்சை என்றால் ஒரு கூட்டம். மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த பச்சை என்றால் டிரென்டிபோலியா என்ற பாசி. கிராபிஸுக்கும் பைரெனுலாவுக்கும் அதுதான் கூட்டாளி. இதே டிரென்டிபோலியா பூஞ்சைத் துணை இல்லாமல் தனியாகவும் மரத்தில் ஆரஞ்சு வெல்வெட்டாகப் படரும். மழைக்காலத்தில் வால்பாறை மலைப்பாதை ஓரத்து மரங்களில் அதைப் பார்த்து லைக்கன் என்று பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வெறும் பாசி.

லென்ஸ் மட்டுமே கொண்டு முடிவுக்கு வரக்கூடியவையும் இருக்கின்றன. பட்டை இடுக்கில் நனையாத நிழலில் மஞ்சள் பொடியாகப் படியும் கிரைசோத்ரிக்ஸ் அப்படிப்பட்டது. கோயில் மரங்களில் பக்தர்கள் பூசிய மஞ்சள் என்றே பலர் கடந்துபோகிறார்கள். பூசிய மஞ்சள் பட்டையின் மேடுகளில் ஒட்டியிருக்கும். லைக்கன் பள்ளங்களில் குந்துமணி குந்துமணியாக உட்கார்ந்திருக்கும். லென்ஸின் எல்லை பெரும்பாலும் பேரினம் அல்லது குடும்பம். அதற்குமேல் அது சொல்வதாக நினைத்தால் நம் ஊகம்தான் பேசுகிறது.

இங்கேதான் பலர் ரசாயனப் பக்கம் திரும்புகிறார்கள். சொட்டுச் சோதனை பழைய முறை. 1866இல் பாரிஸில் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வெளுப்புத் திரவமும் லைக்கனில் நிறம் மாற்றுவதைக் கண்டு இனம்பிரிக்கப் பயன்படுத்தினார். லைக்கன்கள் தமக்கென்றே அமிலங்களைச் சேர்த்து வைக்கின்றன. நார்ஸ்டிக்டிக் அமிலம் இருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டதும் முதலில் மஞ்சளாகி, பிறகு ரத்தச் சிவப்பாகும். கைரோபோரிக் அமிலம் வெளுப்புத் திரவத்தில் சிவக்கும். பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் பள்ளி ஆய்வகத்திலேயே கிடைக்கும், வெளுப்புத் திரவம் மளிகைக் கடையில். செலவு குறைவு, முடிவு உடனே என்பதால் இது ஈர்க்கிறது.

கல்பாசி போன்ற இலை வகைக்கு இது பிரமாதமான முறை. ஒட்டு வகையில் உடலம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. சொட்டு விட்டதும் திரவம் பட்டைக்குள் இறங்கிவிடும், பட்டையிலிருக்கும் துவர்ப்புப் பொருள் தானே பழுப்பாகும். அந்தப் பழுப்பை லைக்கனின் பதில் என்று எழுதிவைத்தால், படிப்படியாகக் கேள்வி கேட்டு இனம்பிரிக்கும் திறவுகோலில் தவறான கிளைக்குள் போய்விடுவீர்கள். பாரபினைலீன்டையமின் என்ற மூன்றாவது ரசாயனமும் உண்டு. கறுப்புத் தலைச்சாயத்தில் சேர்க்கப்படும் அதே பொருள். கடும் ஒவ்வாமை தரக்கூடியது. பள்ளிப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் தோலையும் கண்ணையும் அரிக்கும். வெளுப்புத் திரவத்தை எந்த அமிலத்தோடும் கலந்தால் குளோரின் வாயு வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்தப் பாட்டில்களைத் திறக்க வேண்டாம்.

யூவி டார்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கள்ளநோட்டுப் பார்க்க விற்கும் டார்ச்சில் 365 நானோமீட்டர் என்று குறித்திருப்பதை வாங்க வேண்டும். இருட்டில் அடித்தால் லைக்ஸாந்தோன் என்ற பொருள் உள்ள இனங்கள் எலுமிச்சை மஞ்சளாக ஒளிரும். நம் சமவெளி மரங்களில் வட்டம் வட்டமாக இறுக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பிக்ஸைன் கோகோஸ் அப்படி ஒளிரும். பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் டிரினேரியா அந்த மஞ்சளைக் காட்டாது. இவை இரண்டும் ஓரத்தில் மடல் உள்ளவை, உண்மையில் ஒட்டு வகை இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் யாரும் ஒட்டு வகை என்றே சொல்வார்கள் என்பதால் டார்ச் இருப்பது நல்லது. மரத்துக்கு ஒரு கேடும் இல்லை.

நுண்ணோக்கி விலை கூடிய வழி என்ற தயக்கம் இருக்கிறது. ஆனால் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றின் உயிரியல் ஆய்வகத்தில் கூட்டு நுண்ணோக்கி இருக்கிறது. நானூறு மடங்கு பெருக்கம் கிடைத்தால் போதும். கூடுதலாக வேண்டியது கண்ணருகு வில்லையில் வைக்கும் அளவுகோல், புதிய பிளேடு, ஒரு சொட்டு அயோடின். பதினொன்றாம் வகுப்பில் தண்டைக் குறுக்காகச் சீவிப் பழகிய அதே கைப்பழக்கம்தான் கனியுடலைச் சீவவும் வேண்டும். ஈரப்படுத்தி, லென்ஸ் வழியே பார்த்தபடி, முடிந்தவரை மெல்லியதாகச் சீவி, தண்ணீர்ச் சொட்டில் வைத்து மூடுகண்ணாடியை அழுத்தினால் ஸ்போர்கள் வெளியே வரும்.

கறுப்புக் கீறல் உள்ள அந்த வெள்ளைப் படையையே எடுத்துக்கொள்வோம். லென்ஸில் அது கிராபிஸ் குடும்பம் என்று மட்டும் தெரிந்தது. நுண்ணோக்கியில் ஸ்போர் நிறமற்று, குறுக்குச் சுவர்களோடு, அறைகள் ஒவ்வொன்றும் குவிவில்லை வடிவத்தில் இருந்து, அயோடின் பட்டதும் நீல ஊதாவாக மாறினால் கிராபிஸ் என்று தைரியமாக எழுதலாம். ஸ்போர் பழுப்பாக இருந்தால் பியோகிராபிஸ். அறைகள் குவிவில்லை வடிவில் இல்லாமல், அயோடினுக்கும் நீலமாகாமல் இருந்தால் ஓபிகிராபா பக்கம் தேட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே கீறல்தான். அடுத்த படியாக, கீறலின் உதடுகளில் நீளவாக்கில் வரிகள் ஓடுகின்றனவா, கறுப்புச் சுவர் அடிவரை முழுவதும் இருக்கிறதா பக்கங்களில் மட்டுமா என்று குறுக்குவெட்டில் பார்த்தால் இனம் வரை இறங்கலாம். ஸ்போரின் நீளமும் பேசும். லெக்கனோராவில் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான். பெர்ட்டுசேரியாவில் 100 மைக்ரானைத் தாண்டுவதும் உண்டு. ஒரே ஒரு அளவு இரண்டு பேரினங்களைப் பிரித்துவிடுகிறது.

ரசாயனத்தை நுண்ணோக்கிக்குத் துணையாக வைக்கச் சொன்னதன் காரணமும் இதுதான். சீவிய துண்டின் ஓரத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டினால், நார்ஸ்டிக்டிக் அமிலம் இருக்கும் இடத்தில் சிவப்பு ஊசிப் படிகங்கள் கண்ணெதிரே முளைக்கும். பட்டையின் பழுப்பு அங்கே குறுக்கிடாது. மரத்தில் விட்ட சொட்டு தந்த சந்தேகம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

அச்சில் இருக்கும் திறவுகோல்களும் நுண்ணோக்கியை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. லைக்கன் ஆய்வாளர் தரணி தர் அவஸ்தி 1991இல் இந்தியா, நேபாளம், இலங்கை மூன்றுக்கும் சேர்த்து வெளியிட்ட நுண்லைக்கன் (ஒட்டு வகை போன்றவை) திறவுகோலில் ஸ்போர் தெரியாமல் ஓரிரு படிக்குமேல் நகர முடியாது. அதில் வரும் கிராபினா, பியோகிராபினா என்ற பெயர்கள் ஸ்போரின் நிறமும் அறையமைப்பும் மட்டுமே பார்த்து வகுத்தவை. 2002இல் பெட்டினா ஸ்டைகரின் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவினை மாறிவிட்டது. பழைய திறவுகோலில் வந்த பெயரை இன்றைய பெயரோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுத வேண்டும்.

நிபுணருக்கு அனுப்பும் வழி கோவைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், அதன் உலர்தாவரக் காப்பகமான மெட்ராஸ் ஹெர்பேரியமும் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கின்றன. உலர்மாதிரியை எப்படிப் பதிவது, எப்படிக் காப்பது என்று தெரிந்துகொள்ள அது நல்ல இடம். லைக்கனுக்கான பெரிய சேகரிப்புகள் தொலைவில் உள்ளன. லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், அவஸ்தியின் சேகரிப்பும் அங்கேதான். கிராபிஸ் குடும்பத்துக்குப் புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் வெறும் படத்தையும் "இது என்னங்க?" என்ற கேள்வியையும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. மாதிரி, எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசை, நிழலா வெயிலா, ஸ்போர் அளவு, சொட்டுச் சோதனை முடிவு இவற்றோடு அனுப்பினால் அவர்களின் அரை நாள் வேலை மிச்சம். லென்ஸும் நுண்ணோக்கியும் கைவந்தவருக்குத்தான் இந்த வழி முழுப்பயன் தரும்.

லைக்கனின் அமிலங்களைப் பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பிரிகை, டி.என்.ஏ. இரண்டும் புதிய இனம் என்று சந்தேகம் வரும்போது தேவைப்படுபவை. முன்னதைக் கல்லூரி வேதியியல் துறை ஒன்றில் செய்ய முடியும். 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு ஏற்கப்பட்டது; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நம் வெப்பமண்டல ஒட்டு லைக்கன்களின் வரிசைகள் தரவுத்தளத்தில் குறைவு. வரிசை கிடைத்தும் பெயர் கிடைக்காமல் போகலாம். காசை இதில் போடுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

காற்றின் தரத்தை அளக்க விரும்பும் பள்ளிப் பசுமைப்படைக் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. இங்கிலாந்துக்கென்று ஹாக்ஸ்வர்த்தும் ரோஸும் 1970இல் வெளியிட்ட அளவுகோல், ஓக் போன்ற மரங்களின் பட்டையில் எந்த லைக்கன் இருக்கிறது என்பதை வைத்துக் கந்தக டைஆக்சைடை மதிப்பிடுகிறது. அந்தப் பெயர்ப்பட்டியலை இங்கே எடுத்துவரக் கூடாது. நம்மிடம் அந்த ஓக் கிடையாது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மரம். பின்னாளில் ஐரோப்பாவில் வகுத்த அளக்கும் முறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி, 10 சென்டிமீட்டர் சதுரங்கள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக, நான்கு திசையிலும் வைத்து, எத்தனை சதுரத்தில் எந்த வகை என்று எண்ணுவது. வகைகளை அ, ஆ, இ என்று பெயரிட்டாலும் சாலையோர மரத்தையும் தோப்பு மரத்தையும் ஒப்பிட முடியும். லென்ஸ் போதும். ஒப்பிடும் மரங்கள் ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். புங்கன் நல்லது, மா நல்லது. கொய்யாவும் தைலமரமும் பட்டையை உரித்துக்கொள்வதால் ஒட்டு லைக்கன் நிலைக்காது. அவற்றை வைத்துக் காற்று கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

மாதிரி எடுப்பதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. கோயில் மரங்களில் கத்தி வைக்காதீர்கள். பேரூரின் பிறவாப்புளியோ இறவாப்பனையோ மட்டும் இல்லை, ஊரெல்லைக் கருப்பராயன் கோயில் மரமானாலும் லென்ஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துணுக்கும் எடுக்கக் கூடாது. தேவையும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் ஒவ்வொரு தோப்பிலும் கிளைகள் முறிந்து கிடக்கும். உச்சிக்கிளையில் இருப்பதும் அடிமரத்தில் இருப்பதும் வேறு வேறு லைக்கன்கள் என்பதால், ஏறிப் பார்க்க முடியாத உயரத்தின் மாதிரி தானாகவே கீழே வந்துவிடுகிறது. தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சாலை விரிவாக்கத்துக்கு வெட்டிச் சாய்த்த புளியமரங்களையும் லாரி ஏறுவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். அந்த வயதுப் பட்டை இனி அந்தச் சாலையில் நம் காலத்தில் வரப்போவதில்லை.

எடுத்த துண்டை பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாளை மடித்த உறையில் வைத்து நிழலில் உலர்த்துங்கள். உறையின்மேல் மரம், இடம், உயரம், தேதி. பெயருக்கு இடம் விட்டு, நுண்ணோக்கி எதுவரை காட்டியதோ அதுவரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்: கிராபிஸ், இனம் பார்க்க வேண்டும்.